கரண்ட் வைத்தால் தசை வலுவாகுமா, உடற்பயிற்சிதான் வேண்டுமா?

முழங்காலில் லிகமென்ட் ஆபரேஷன் முடிந்து நான்காவது நாள். காலை நீட்டி வைத்துக்கொண்டு தொடையை இறுக்குங்கள் என்றார் பிசியோதெரபிஸ்ட். இறுக்கினேன் என்றுதான் நினைத்தேன். பல் கடிபட்டது, வயிறு இறுகியது, பின்பக்கம் இறுகியது, தொடை மட்டும் பிசைந்து வைத்த மாவு மாதிரி அப்படியே கிடந்தது. அவர் தொடையில் இரண்டு பேட் ஒட்டி, மெஷினில் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். எறும்பு ஊர்வது போல ஆரம்பித்தது, அப்புறம் குத்தலாக மாறியது, திடீரென்று தசை தானாகத் திரண்டு எழுந்து முட்டிச் சில்லை மேலே இழுத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தசை செத்துப்போகவில்லை, என் கட்டளைதான் அதற்குப் போய்ச் சேரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். இப்போது தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒரே கேள்வி: "உடற்பயிற்சி செய்யட்டுமா, கரண்ட் வைத்துக்கொள்ளட்டுமா?" ஆனால் கேட்பவர்கள் மூன்று விதம். ஆபரேஷன் முடிந்து தசை மெலிந்தவர்கள், படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கேட்பவர்கள், நேரமே இல்லை, இருபது நிமிஷத்தில் முடியும் என்கிறார்களே என்று விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வருபவர்கள். மூன்று பேருக்கும் ஒரே பதில் சொன்னால் இரண்டு பேருக்காவது தப்பாகப் போகும்.

## முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்

"கரண்ட் வைப்பது" என்று நாம் சொல்வதில் வேறு வேறு சிகிச்சைகள் கலந்து கிடக்கின்றன. வலிக்காக வைக்கும் டென்ஸ் மெஷின், உணர்வு நரம்பைத் தூண்டி வலியை மட்டுப்படுத்துவதற்காக இருப்பது. சுரீர் சுரீர் என்று இருக்கும், தசை பெரிதாக இறுகாது. அதை மாதக்கணக்கில் வைத்தாலும் வலு வராது. இங்கே பேசப்போவது தசையை உண்மையிலேயே சுருங்க வைக்கும் மின் தூண்டலைப் பற்றி, அதாவது என்.எம்.இ.எஸ். அல்லது ஈ.எம்.எஸ். என்று சொல்லப்படுவது. வீட்டில் ஏற்கனவே ஒரு மெஷின் இருந்தால் அது எந்த வகை என்று முதலில் பாருங்கள். டென்ஸ் மெஷினை வைத்துக்கொண்டு வலு வரவில்லையே என்று வருத்தப்படுபவர்கள் நிறைய.

## எதை வைத்து எடைபோடுவது

தசை வலுவாவதற்கு அடிப்படை ஒன்றுதான். வழக்கமாக எடுக்கும் விசையைவிடக் கூடுதலான விசையைத் திரும்பத் திரும்ப எடுக்க வைக்க வேண்டும், பிறகு ஓய்வு கொடுக்க வேண்டும். கட்டளை மூளையிலிருந்து வந்ததா பேட்டிலிருந்து வந்ததா என்பது தசை நாருக்கு முக்கியமில்லை. அதனால் இரண்டு வழியையும் ஒப்பிடும்போது நான் கேட்கும் கேள்விகள் இவை:

- எவ்வளவு விசையை வரவழைக்க முடிகிறது?
- கிடைத்த வலு மாடிப்படி ஏறும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் கூட வருகிறதா?
- கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன? பணம், நேரம், வலி எல்லாம் சேர்த்து.
- ஆபத்து எங்கே இருக்கிறது?
- உங்களால் இப்போது அந்தத் தசையை நீங்களே இறுக்க முடிகிறதா?

கடைசிக் கேள்விதான் பெரும்பாலும் விடையைத் தீர்மானிக்கிறது. மற்ற நாலும் அதற்குப் பின்னால்தான்.

## உள்ளே நடப்பது

நாமாக ஒரு கனத்தைத் தூக்கும்போது மூளை எல்லா நார்களையும் ஒரே நேரத்தில் கூப்பிடுவதில்லை. முதலில் சின்ன, சீக்கிரம் களைக்காத மோட்டார் யூனிட்டுகள் (ஒரு நரம்பு செல்லும் அது இயக்கும் தசை நார்களும் சேர்ந்தது ஒரு யூனிட்), கனம் கூடக்கூட பெரிய, பலமான, ஆனால் சீக்கிரம் ஓய்ந்துபோகிறவை. எல்வுட் ஹென்னமன் 1950-களிலும் 60-களிலும் கண்டுகாட்டிய ஒழுங்கு இது. அதோடு, யூனிட்டுகள் ஒன்று மாற்றி ஒன்றாக வேலை செய்யும். ஒன்று இளைப்பாறும்போது இன்னொன்று தாங்கும்.

மெஷினுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. பேட்டுக்கு அடியில் எந்த நரம்புக் கிளை இருக்கிறதோ அது இயக்கும் நார்கள் எல்லாம், சின்னது பெரியது வித்தியாசமில்லாமல், ஒரே தாளத்தில் சேர்ந்து சுருங்கும். திரும்பத் திரும்ப அதே நார்கள். ஆழத்தில் இருக்கும் நார்களுக்கு வேலையே போகாமல் இருக்கலாம். இதனால் இரண்டு விளைவு. ஒன்று, களைப்பு வேகமாக வருகிறது, அதனால்தான் பத்து விநாடி இறுக்கத்துக்கு அரை நிமிஷமோ அதற்கு மேலோ ஓய்வு விடுகிறார்கள். இன்னொன்று, கனமான எடையைத் தூக்கினால்தான் வேலைக்கு வரும் பெரிய யூனிட்டுகளைக் கனமே இல்லாமல், மூட்டை அசைக்காமலே எழுப்ப முடிகிறது. ஆபரேஷன் செய்த மூட்டில் கனம் ஏற்றவே கூடாத வாரங்களில் இது எவ்வளவு பெரிய உதவி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

## உடற்பயிற்சி: எங்கே ஜெயிக்கிறது, என்ன கேட்கிறது

தசையை நீங்களே இறுக்க முடியும் என்றால், வலுவுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. வயதாகிவிட்டதே என்பவர்களுக்கு நான் சொல்வது 1990-ல் வெளியான ஓர் ஆய்வு. மரியா ஃபியட்டரோனும் அவருடைய குழுவினரும் முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய, உடல் தளர்ந்த 10 பேருக்கு எட்டு வாரம் காலுக்குக் கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேருக்குத் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. மெல்லிசாகக் கையைக் காலை ஆட்டும் பயிற்சி இல்லை, அவரவர் தூக்கக்கூடிய உச்சத்தை ஒட்டிய எடை. தொண்ணூறு வயதுக்காரர்களுக்கே இது நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உற்சாகமாக இருக்கிறது.

இந்த வலு முழுவதும் தசை பெருத்ததால் வருவதில்லை. முதல் சில வாரங்களில் வரும் முன்னேற்றம் பெரும்பாலும் நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதால்தான்: எந்த யூனிட்டை எப்போது கூப்பிடுவது, எதிர்த்தசையை எப்போது தளர்த்துவது, எந்த வரிசையில் எழுந்து நிற்பது. மெஷின் உங்களுக்காகத் தசையைச் சுருக்கும்போது மூளைக்கு இந்தப் பாடம் அதே மாதிரி கிடைப்பதில்லை. தடுமாறும்போது சமாளிக்கும் சமநிலை, இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கிடைக்கும் வேலை, எலும்புக்கு ஏறும் பாரம், இதெல்லாம் நின்று, நடந்து, தூக்கிச் செய்கிறவர்களுக்குத்தான். உலகச் சுகாதார அமைப்பு 2020 வழிகாட்டலில் வாரத்துக்கு இரண்டு நாளாவது தசை வலுப் பயிற்சி வேண்டும் என்று சொல்கிறது. இரண்டு நாள் என்பது பெரிய சுமை இல்லை.

ஆனால் செலவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கனத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரே ரப்பர் பேண்டை ஆறு மாதம் இழுத்துவிட்டுப் பலன் நின்றுபோய்விட்டதே என்பவர்களுக்கு நின்றது பயிற்சிதான், உடம்பு அதற்கு எப்போதோ பழகிவிட்டது. முறை தப்பினால் முதுகும் தோளும் பிடித்துக்கொள்ளும். அப்புறம், யாரும் சொல்லாத ஒரு செலவு: அடிபட்ட உடம்பு ஏமாற்றக் கற்றுக்கொள்ளும். வலது தொடை பலவீனமாக இருந்தால் எழும்போது இடது காலில் பாரத்தைச் சாய்த்துக்கொள்வோம், நமக்கே தெரியாது. எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தாலும் பலமான கால் இன்னும் பலமாகும், பலவீனமான கால் அப்படியே இருக்கும்.

## மின் தூண்டல்: எங்கே ஜெயிக்கிறது, என்ன கேட்கிறது

இதன் புகழுக்கு ஒரு முக்கியக் காரணம் 1970-களில் சோவியத் ஆய்வாளர் யாகோவ் கோட்ஸ். 2500 ஹெர்ட்ஸ் மின்னோட்டம், 10 விநாடி இறுக்கம், 50 விநாடி ஓய்வு, பத்து முறை. தேர்ந்த விளையாட்டு வீரர்களிடம் 40 சதவீதம் வரை வலு கூடியது என்று அவர் சொன்னது உலகம் முழுக்கப் பரவியது. பிறகு மற்றவர்கள் செய்த சோதனைகளில் அந்த அளவு பலன் வரவில்லை. ஆரோக்கியமானவர்களிடம் தொடைத் தசை பற்றி நடந்த சோதனைகளைத் திரட்டிப் பார்த்த 2005 மதிப்பாய்வு ஒன்றும், சும்மா இருப்பதைவிட மின் தூண்டல் மேல், ஆனால் தானாகச் செய்யும் பயிற்சி பெரும்பாலும் அதைவிட மேல் என்றுதான் முடித்தது.

ஆபரேஷனுக்குப் பிறகான கதை வேறு. முட்டிக்குள் வீக்கமும் நீரும் இருக்கும்போது அங்கிருந்து கிளம்பும் சமிக்ஞைகள் தொடைத் தசைக்கான கட்டளையைத் தண்டுவடத்திலேயே அடக்கிவிடும். எனக்கு நான்காவது நாள் நடந்தது இதுதான். மனவுறுதி குறைவு என்று நினைத்து நோயாளியைத் திட்டுபவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. எவ்வளவு மனவுறுதி இருந்தாலும் அந்தக் கட்டளை பாதி வழியில் நின்றுவிடும். மின் தூண்டலோ தடைபட்ட இடத்துக்குக் கீழே நேராக நரம்பைத் தொடுகிறது. லின் ஸ்னைடர்-மாக்லர் குழு 1995-ல் வெளியிட்ட ஆய்வில், ஏ.சி.எல். என்ற முட்டி லிகமென்ட்டுக்கு ஆபரேஷன் முடிந்த 110 பேரை நான்கு வாரச் சிகிச்சைக்குப் பிறகு அளந்தார்கள். வலுவான மின் தூண்டல் பெற்றவர்களின் தொடை, நல்ல காலின் வலுவில் 70 சதவீதத்தை எட்டியது. தீவிரப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 57. குறைந்த அளவு மின் தூண்டல் வைத்தவர்களுக்கு 51.

அந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். மெதுவாக, சுகமாக வைத்த கரண்ட், வெறும் பயிற்சியைவிடக் கீழே போய்விட்டது. மின் தூண்டலின் மறைமுகச் செலவு இங்கேதான் இருக்கிறது: வலிக்கும். தாங்கக்கூடிய எல்லை வரை ஏற்றினால்தான் பலன், அந்த எல்லையையும் வாரா வாரம் தள்ள வேண்டும். இதமாக இருக்கிறது என்று ஒரே எண்ணில் விட்டுவிட்டுப் புத்தகம் படிப்பவர்களுக்குத் தசை துடிக்கும், வலு வராது. சிலருக்குத் தோலுக்கடியில் கொழுப்பு அதிகம் இருப்பதால் மின்னோட்டம் தசைக்குப் போவதற்கு முன்பே வலி எல்லையைத் தொட்டுவிடுகிறது, அவர்களுக்கு இந்த வழி பெரிதாக உதவாது.

மற்ற செலவுகளும் உண்டு. பேடின் பசை போனால் ஓரங்களில் மட்டும் ஒட்டி அந்த இடம் சுரீரென்று எரியும், ஆகவே பேடை அவ்வப்போது மாற்றியாக வேண்டும். இரண்டு விரல் தள்ளி ஒட்டினாலும் இறுக்கம் பாதியாகும், சரியான இடத்தைப் பிசியோதெரபிஸ்ட் கண்டுபிடித்துப் பேனாவால் குறித்துக் கொடுப்பது நல்லது. தோல் சிவந்து அரிக்கும். அப்புறம், பேட் ஒட்டிய தசைக்கு மட்டும்தான் வேலை.

ஆபத்து பக்கம் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். பேஸ்மேக்கர் அல்லது டிஃபிபிரில்லேட்டர் பொருத்தியவர்கள் இதயநோய் மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது. கழுத்தின் முன்பக்கம், மார்புக்குக் குறுக்கே, கர்ப்பிணியின் வயிறு, இரத்தக்கட்டி இருக்கும் கால், புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடம், திறந்த புண், இங்கெல்லாம் வேண்டவே வேண்டாம். வலிப்பு நோய் இருந்தாலும் மருத்துவரைக் கேட்டுத்தான். உணர்ச்சி மரத்துப்போன தோலில் எரிவதே தெரியாமல் புண்ணாகிவிடும், நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

## உடம்பு முழுக்க மாட்டும் ஈ.எம்.எஸ். உடை

நேரமில்லாதவர்கள் கேட்பது, உடம்பெங்கும் பேட் பதித்த இந்த உடையைப் பற்றித்தான். பலன் இல்லை என்று சொல்ல முடியாது. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை இருபது நிமிஷம் செய்தவர்களுக்கு, குறிப்பாகப் பயிற்சியே செய்யாமல் இருந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும், வலு கூடியதாக ஆய்வுகள் உண்டு. என் கவலை முதல் நாளைப் பற்றி. நாமாகச் செய்யும்போது களைப்பு வந்து நம்மை நிறுத்திவிடும். உடை அப்படி நிறுத்தாது, பெரிய தசைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், பழக்கமில்லாத அளவுக்கு இறுக்கிவிடும். முதல் முறையே உச்ச அளவில் வைத்துத் தசை நார்கள் சிதைந்து, சிதைந்த தசையிலிருந்து இரத்தத்தில் கசியும் சி.பி.கே. என்ற நொதியின் அளவு பல மடங்கு ஏறி, சிறுநீரகம் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் விவரங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

அதனால்தான் இந்தத் துறை ஆய்வாளர்களே முதல் எட்டு முதல் பத்து வாரம் வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது, ஆரம்பம் மிதமாக இருக்க வேண்டும், இருபது நிமிஷத்தைத் தாண்டக்கூடாது என்று வழிகாட்டல் எழுதினார்கள். ஒரு இடத்தில் போய்க் கேட்கும்போது முதல் நாளே "இன்னும் ஏற்றலாமா?" என்று உற்சாகப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்த இரண்டு மூன்று நாளில் தசை வீங்கி, சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

இன்னொன்று, வயிற்றில் கட்டும் பெல்ட். சோபாவில் உட்கார்ந்தபடி தொப்பை கரையும் என்று விற்ற மூன்று வகை பெல்ட்டுகளின் விற்பனையாளர்கள் மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2002-ல் வழக்குப் போட்டது. தசை துடிப்பது உண்மைதான். அந்தத் துடிப்புக்குச் செலவாகும் சக்தி கொழுப்பைக் கரைக்கும் அளவுக்கு இல்லை.

## ஒரே பார்வையில்

| கேள்வி | உடற்பயிற்சி | மின் தூண்டல் |
|---|---|---|
| கட்டளை தசைக்குப் போய்ச் சேரும்போது வலு | அதிகம் | குறைவு |
| கட்டளை தடைபட்டிருக்கும்போது வலு | மெதுவாக | வேகமாக, அளவு போதுமானால் |
| அன்றாட அசைவுக்குப் பயன் | நேரடியாக | தனியாகப் பழக வேண்டும் |
| இதயம், எலும்பு, சமநிலை | உண்டு | மிகக் குறைவு |
| பெரிய தடை | தொடர்ந்து செய்வது | வலியைத் தாங்குவது |
| தொடர் செலவு | கூடும் எடை, நேரம் | பேட், ஆள் உதவி |

## உங்கள் நிலைமையில் எது

நன்றாக நடமாடுகிறீர்கள், நேரம்தான் இல்லை என்றால் உடற்பயிற்சி. வாரத்துக்கு இரண்டு நாள், இருபத்தைந்து நிமிஷம், உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது, தூக்கி நடப்பது, நான்கு அசைவு போதும். உடை மாட்டப் போய்வரும் நேரத்தில் இது முடிந்துவிடும்.

முட்டி ஆபரேஷன், லிகமென்ட்டோ மூட்டு மாற்றோ, எதுவாக இருந்தாலும் ஆரம்ப வாரங்களிலேயே மின் தூண்டலைக் கேளுங்கள். மூட்டு மாற்றிய முதல் மாதத்தில் தொடை வலு பாதிக்கு மேல் சரிந்துவிடும், அந்தச் சரிவைத் தடுக்கத்தான் சீக்கிரம் ஆரம்பிக்கச் சொல்கிறேன். கேட்டால் மட்டுமே தருகிற இடங்கள் உண்டு, அதனால் வாய்விட்டுக் கேளுங்கள்.

காலோ கையோ மாவுக்கட்டில் இருந்தால், மறு பக்கத்துக்குப் பயிற்சி கொடுங்கள். ஒரு பக்கத்துக்குக் கொடுத்த பயிற்சி மறு பக்கத்தின் வலுவையும் கூட்டுகிறது என்பதை எட்வர்ட் ஸ்கிரிப்ச்சர் 1894-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்தார். செலவில்லாத வழி, ஏனோ யாரும் சொல்லித் தருவதில்லை.

படுத்த படுக்கை, முற்றிய இதய நோய், இரண்டடி நடந்தாலே மூச்சு வாங்கும் நுரையீரல் நோய், இவர்களுக்கு மின் தூண்டல் உண்மையான வரம். மூச்சிரைக்காமல் தொடைக்கு வேலை கொடுக்கலாம், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2016 மதிப்பாய்வும் இவர்களுக்குத் தொடை வலு கூடுவதைக் காட்டியது. ஆனால் அப்பாவால் பிடித்துக்கொண்டாவது எழுந்து நிற்க முடியும் என்றால், அவரை ஒரு நாளைக்கு ஐந்து முறை எழுந்து நிற்க வைப்பதை மெஷினுக்காக விட்டுவிடாதீர்கள்.

தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு மின் தூண்டலோடு சைக்கிள் மிதிக்க வைக்கும் முறை தசை மெலிவதைக் குறைக்கிறது. பக்கவாதத்தில் பாதம் தொங்குபவர்களுக்கு, நடக்கும்போது பாதத்தைத் தூக்கிவிடும் கருவி 1961-ல் விளாடிமிர் லிபர்சன் காலத்திலிருந்தே இருக்கிறது. ஆனால் தசைக்குப் போகும் நரம்பே அறுந்திருந்தால் சாதாரண மெஷினுக்குத் தசை அசையாது, ஏனென்றால் அது தூண்டுவது நரம்பைத்தான். அங்கே வேறு வகை மின்துடிப்பு வேண்டும், அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

## இரண்டையும் சேர்த்தால்

எனக்குப் பலன் கொடுத்தது இந்த வழிதான். கரண்ட் ஏறும் அந்தப் பத்து விநாடியும் நானும் சேர்ந்து இறுக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். 50 ஹெர்ட்ஸ், பத்து விநாடி இறுக்கம், ஐம்பது விநாடி ஓய்வு, பதினைந்து முறை, வாரத்துக்கு மூன்று நாள். ஒவ்வொரு இறுக்கத்துக்கும் நம்பரை ஒரு படி ஏற்றப் பார்ப்பேன், முடியாவிட்டால் அங்கேயே நிற்பேன். பேடை எடுத்த கையோடு முட்டிக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து மெஷின் இல்லாமல் பத்து முறை அழுத்த வேண்டும். அந்தப் பத்து முறைதான் முக்கியம் என்பார் அவர். தூண்டப்பட்ட தசை விழித்திருக்கும்போதே மூளைக்கு வழி காட்டிவிட வேண்டுமாம்.

இரண்டாவது வாரம் துண்டு லேசாக நசுங்க ஆரம்பித்தது. ஆறாவது வாரம் காலை நீட்டித் தூக்கினேன், முட்டி தொய்யாமல் நேராக நின்றது. அவர் அளவு நாடாவால் இரண்டு தொடையையும் சுற்றிப் பார்த்தார், இன்னும் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது. இனிமேல் இதை மெஷின் தராது என்று பேடைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, ஒரு சின்ன ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்து, அந்தக் காலால் மட்டும் ஏறி இறங்கச் சொன்னார்.